கருத்த காசும் கலங்காத உறவும்

நற்செய்தியில் நாணயம் தலைகாட்டும் இடங்கள் பல. பத்து வெள்ளிக் காசுகளில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, அதைக் கண்டெடுத்து அயலாரை அழைத்து மகிழ்ந்த உவமையைப் புனித லூக்காஸ் எழுதியுள்ளார். ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இட்ட இரு செப்புக் காசுகளை ஆண்டவர் பெரிதும் போற்றினார். செசாருக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் நாணயத்தைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள உருவம் யாருடையது என்று வினவினார். அதே நற்செய்திதான், பூச்சியும் துருவும் அழிக்கும் இடத்தில் செல்வம் சேர்க்க வேண்டா என்றும் நம்மை எச்சரிக்கிறது. புனித யாகப்பரோ, செல்வர்களின் பொன்னிலும் வெள்ளியிலும் ஏறிய துருவே அவர்களுக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும் என்று கடிந்துரைக்கிறார். இவ்வாறிருக்க, பழங்காசுகளைப் பேணும் முறையைப் பற்றிக் கிறிஸ்தவக் குடும்ப இதழில் எழுதுவது பொருந்துமோ என்று சிலர் நினைக்கலாம். எழுத வேண்டிய தேவை ஒரு மடலால் எழுந்தது.

கண்டமங்கலத்திலிருந்து நம் வாசகர் குடும்பம் ஒன்று எழுதியுள்ளது. தாயாரின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்குக் கூடிய பிள்ளைகள், அன்று மாலை பாட்டனாரின் தகரப் பெட்டியைத் திறந்திருக்கின்றனர். விக்டோரியா அரசி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆகியோரின் உருவம் தாங்கிய வெள்ளி ரூபாய்கள், சைகோனில் பணியாற்றிய காலத்தில் பாட்டனார் கொண்டுவந்த பெரிய வெள்ளிக் காசுகள், செப்புக் காசுகள் சில, இவையே அப்பெட்டியில் இருந்தவை. வெள்ளியெல்லாம் கருத்துப் போயிருந்தது. சிலவற்றின் விளிம்பில் மட்டும் மயிற்கழுத்து நிறமும் செம்பொன் நிறமும் வளையமிட்டிருந்தன. மருமகள்களில் ஒருவர் நான்கு காசுகளைப் புளி இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார். மூத்தவர், "கருத்த வெள்ளியை வைத்திருந்து என்ன பயன்? உருக்கிப் பங்கிட்டுக்கொள்வோம்" என்கிறார். இளையவருக்கு மனமில்லை. பேச்சு முற்றி, இரு வீட்டாரிடையே முகங்கொடுத்துப் பேசுவது குறைந்துவிட்டதாம். "கருமை கேடா, இல்லையா? யார் சொல்வது சரி?" என்பதே அவர்கள் வினா. காசைப் பற்றிய வினாவிற்கு முதலில் விடை காண்போம். உறவைப் பற்றிய வினா அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது.

இத்தகைய பெட்டிகள் அவ்வட்டாரத்தில் இருப்பது வியப்பன்று. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-இல் இருப்புப் பாதை அமைந்தது முதல், சின்னபாபுசமுத்திரம் நிலையத்தைக் கடந்து மக்களும் பொருளும் இரு ஆட்சிகளின் எல்லையைத் தாண்டி வந்துபோயினர். இப்பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி; வில்லியனூர்ப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. 1954 நவம்பர் 1-ஆம் நாள் புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவுடன் இணையும் வரை இந்நிலை நீடித்தது. புதுச்சேரித் தமிழர் பலர் இந்தோசீனாவில் அலுவலராகவும் படைவீரராகவும் பணியாற்றினர். அங்கு வழங்கிய 'பியாஸ்தர்' எனும் வெள்ளிக் காசு சிலருடைய பெட்டிகளில் தாயகம் வந்தது. அமர்ந்திருக்கும் பெண்ணின் உருவமும் தலையைச் சுற்றி ஒளிக்கதிர்களும் உடையது அது. 1895-க்குப் பிற்பட்ட காசில் 0.900 தரம், 27 கிராம் எடை என்பது காசின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும்.

புதுச்சேரியே ஒரு காலத்தில் காசு அடித்த ஊர்தான். 1736-இல் ஆர்க்காட்டு நவாபிடம் உரிமை பெற்றுப் பிரெஞ்சுக்காரர் அங்கே ஆர்க்காட்டு ரூபாய்களை வார்த்தனர். பிறைக் குறி அவற்றின் அடையாளம். நம் மக்கள் 'துட்டு' என்றதைப் பிரெஞ்சுக்காரர் 'தூதூ' என்று எழுதினர். அச்செப்புக் காசின் ஒரு புறம் பிரெஞ்சு மன்னரின் சின்னமாகிய லீலி மலரும், மறுபுறம் புதுச்சேரி எனும் பெயர் தமிழ் எழுத்திலும் இருக்கக் காணலாம். லீலி மலர் நமக்குத் தேவ அன்னையின் தூய்மையை நினைவூட்டுவது. தமிழும் லீலியும் ஒரே செம்பில் பதிந்திருக்கும் இக்காசை வெறும் செம்பென்று எடைக்குப் போடுவோர் எதை இழக்கிறோம் என்பதை அறியார்.

இனிக் கருமையைப் பற்றிக் கூறுவோம். இரும்பில் ஏறும் துரு இரும்பை அரித்து உதிர்க்கும். வெள்ளியில் ஏறும் கருமை அத்தகையதன்று. காற்றில் மிகச் சிறு அளவில் கலந்துள்ள கந்தக வாயு, வெள்ளியின் மேற்பரப்போடு கூடி வெள்ளி சல்பைடு என்னும் மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. தொடக்கத்தில் அப்படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரைப் பல்லாயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறு அளவே. மழைநீரின் மேல் சிந்திய எண்ணெய்ப் படலத்தில் வானவில் நிறங்கள் தோன்றக் காண்கிறோம் அல்லவா? அதே விதிப்படியே இங்கும் நிறம் பிறக்கிறது. படலத்தின் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்கள் மங்கிச் சில நிறங்கள் மேலோங்குகின்றன. படலம் தடிக்கத் தடிக்க இளமஞ்சள், பொன்னிறம், செவ்வூதா, நீலம் என நிறம் மாறி, முடிவில் சாம்பலும் கருமையும் வந்தடைகின்றன. காசு சேகரிப்போர் இதனை 'டோனிங்' என்பர். நாம் கால நிறம் எனலாம். பல்லாண்டுகள் மெல்ல மெல்லப் படிந்த மெல்லிய கால நிறம் அடியிலுள்ள வெள்ளிக்குக் கேடன்று. காசு தேய்க்கப்படாமல் இருந்ததற்கு அது ஒரு சான்று. அழகிய நிறம் ஏறிய காசைச் சேகரிப்போர் கூடுதல் விலை கொடுத்தும் வாங்குவதுண்டு. ஆயினும் படலம் மிகத் தடித்து முழுக் கருமையானால் நுண்ணிய வேலைப்பாடு மறைந்துவிடும். ஆகவே நிறம் ஏறிய காசை அந்த நிலையிலேயே நிறுத்திப் பேணுவதுதான் பேணுதலின் நோக்கம்.

புளியிட்டுத் தேய்த்தால் நேர்வது என்ன? புளியிலுள்ள அமிலம் ஒரு பங்கு வேலை செய்ய, தேய்ப்பு மறுபங்கு செய்கிறது. படலத்தோடு வெள்ளியும் சிறிது போகிறது. சாம்பல், செங்கற்பொடி, பற்பசை ஆகியவை மயிரிழை போன்ற கீறல்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்கும். அச்சடித்த நாளில் உலோகம் பரவியபோது உண்டான இயல்பான ஒளி ஒருமுறை போனால் திரும்பாது. அலுமினியத் தகட்டையும் சோடா உப்பையும் வெந்நீரில் இட்டு வெள்ளியை வெளுக்கும் முறையும் உண்டு. அது கீறாது எனினும் கால நிறத்தை முழுதும் கழுவி, காசை உயிரற்ற வெண்மையாக்கிவிடும். குத்துவிளக்கும் மெழுகுதிரித் தண்டும் திருநாளுக்கு முன் துலக்கப்பட வேண்டியவையே. கழுத்தில் அணியும் மாதா பதக்கம் வியர்வையால் கருத்தால் அதைத் துடைத்துக்கொள்வதிலும் தவறில்லை. அவை பயன்பாட்டுக்கும் பக்திக்கும் உரியவை. காசு அவ்வாறன்று. ஆதலின் அம்மருமகளை எவரும் குறை கூற வேண்டா. வீட்டுப் பாத்திரத்தை எவ்வாறு பேணக் கற்றாரோ அவ்வாறே காசையும் பேண முற்பட்டார். அந்நான்கு காசுகளுக்கும் மீண்டும் நிறமேற்ற முயலாமல், அவற்றைத் தனியே வைத்துக் குறிப்பெழுதி வைப்பதே தக்கது.

பேணும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலாவது, கை. விரல் வியர்வையில் உப்பும் எண்ணெயும் உண்டு. இன்று பட்ட விரல் சில திங்களில் காசின் முகத்தில் ரேகையாகத் தோன்றும். கையைக் கழுவி உலர்த்தியபின், காசின் இரு விளிம்புகளை மட்டும் விரல் நுனிகளால் பற்ற வேண்டும். கீழே மடித்த மெல்லிய துணி இருந்தால், தவறி விழுந்தாலும் அடிபடாது. காசின் மீது குனிந்து பேசுதலும் ஆகாது. எச்சில் துளி பட்ட இடம் கரும்புள்ளியாகும்.

இரண்டாவது, உறை. செய்தித்தாள், சாதாரண அட்டை, கம்பளித் துணி, ரப்பர் வளையம் ஆகியவற்றிலிருந்து கந்தகம் வெளிப்படக்கூடும். பாட்டனார் பழைய தாளில் பொதிந்த காசுகளின் விளிம்பில் நிற வளையம் தோன்றியதற்கு இத்தகைய பொருள்களே காரணமாதல் கூடும். கடைகளில் விற்கும் மென்மையான, புது மழைச்சட்டையைப் போல் மணக்கும் பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பி.வி.சி. எனும் பொருளால் ஆனவை. நம் நாட்டு வெப்பத்தில் அது சிதைந்து அமிலத்தைக் கக்கும். காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுத்தால் அதுவே அறிகுறி. பாலித்தீன், பாலிபுரொப்பிலீன், மைலார் ஆகியவற்றால் ஆன உறைகளையும், காசின் அளவுக்கேற்ற கடினமான தெளிந்த சிமிழ்களையும் கேட்டு வாங்குக. அட்டைச் சட்டத்தைக் கம்பியூசி கொண்டு தைப்பதாயின் ஊசி துருவேறும் என்பதை மறவற்க. பச்சைப் பிசின் படிந்த காசைத் தூய அசிட்டோனில் சற்று நேரம் இட்டெடுத்தால் பிசின் கரையும். கால நிறம் போகாது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் வேறு பொருள்கள் கலந்திருப்பதால் அது உதவாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அடுப்பும் மெழுகுதிரியும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் அருகில் இல்லாதபோதே கையாளுக.

மூன்றாவது, இடம். அடுக்களைக்கும் சாக்கடைக்கும் அருகில் கந்தகப் புகை மிகுதி. புது மரப்பெட்டி, ஒட்டுப்பலகை ஆகியவற்றின் பசையும் மரமும் ஆவியாக அமிலம் விடும். வெல்வெட் ஒட்டிய நகைப் பெட்டியும் நெடுநாள் வைப்புக்கு ஏற்றதன்று. இரும்புப் பீரோவில், இறுக மூடும் சிறு டப்பாவில், உறையிட்ட காசுகளுடன் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை இடுதல் நன்று. பொட்டலத்தின் மணிகள் நிறம் மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்பது பொருள். உலர்த்தி மீண்டும் இடலாம். பூச்சி உருண்டையையும் கற்பூரத்தையும் உடன் வைத்தல் வேண்டா.

செம்புக்கும் வெண்கலத்துக்கும் கூடுதல் கருத்து வேண்டும். செம்பு பழுப்பேறுவது இயல்பு, அதையும் தேய்க்கலாகாது. ஆனால் வெளிர்ப்பச்சைப் பொடி உதிருமாயின் அது களிம்பில் கொடியது. உப்பிலுள்ள குளோரைடு உலோகத்தினுள் புகுந்து, ஈரம் கிடைக்கும்போதெல்லாம் அரிக்கும். கடற்காற்று எட்டும் நம் வட்டாரத்தில் இது புதிதன்று. அத்தகைய காசை உடனே மற்றவற்றினின்று பிரித்து, மிக உலர்ந்த டப்பாவில் வைத்து, அறிந்தோரிடம் காட்டுதல் வேண்டும். 1930-களிலேயே சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இவ்வகை உலோக நோய்களுக்கென ஆய்வுக்கூடம் இயங்கியது என்பதிலிருந்து, இது கைமருந்தால் தீர்வதன்று என உணரலாம். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவும் வெண்கலமே. 1964 முதல் வந்த அலுமினியப் பைசாக்களுக்கு உப்பீரமே பகை. அவற்றை வெள்ளி, செம்புக் காசுகளுடன் ஒன்றாய்க் குவித்து வைக்கலாகாது.

நான்காவது, மழைக்காலம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. பெட்டியைத் தரையில் வையாமல் உயரத்தில் வைத்தல் வேண்டும். சேறு படிந்தால் தேய்க்காமல், வாலை வடித்த நீரில் பலமுறை அலசி, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, முற்றும் உலர்ந்தபின் உறையிடுக.

மதிப்பைப் பற்றியும் உண்மை பேச வேண்டும். பழைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதியே. 1947-இல் அதுவும் போய் நிக்கல் வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. தேய்ந்த ஒன்று வெள்ளியின் விலையை ஒட்டியே போகும். விதிவிலக்குகளும் உண்டு. 1911-ஆம் ஆண்டு ரூபாயில், மன்னரின் அங்கியிலிருந்த யானை உருவம் பன்றி போல் தோன்றுகிறது என்று மக்கள் மனம் புண்பட, பெரும்பகுதி உருக்கப்பட்டு, 1912-இல் யானை திருத்தப்பட்டது. ஆதலின் ஆண்டைப் பாராமல் உலைக்கு அனுப்புதல் அறிவுடைமையன்று. காசுமாலைக்கென வளையம் பற்றவைத்த காசு, சேகரிப்போருக்கு உதவாவிடினும் குடும்ப நகையாக நிற்கும்.

ஏமாற்றமும் உண்டு. உருளைக்கிழங்கு, முட்டை, கந்தகப் பொடி, அனல் எனப் பலவற்றைக் கொண்டு சில நாளில் வானவில் நிறம் ஏற்றி விற்போர் உளர். மென்மையாக ஒன்றிலிருந்து ஒன்றாக மாறாது, முரட்டுத் திட்டுகளாய் நிற்கும் நிறம் ஐயத்துக்குரியது. பியாஸ்தரில் போலிகள் மலிந்துள்ளன. 27 கிராமுக்குப் பெரிதும் வேறுபட்டாலோ காந்தம் இழுத்தாலோ விலகுக. சாதாரணப் பழங்காசுக்கு இலட்சம் தருவதாக ஆசைகாட்டி முன்கட்டணம் கேட்போரைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ மண்ணில் புதையல் கிடைத்தால், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். கரூர், கோயம்புத்தூர் வட்டாரங்களில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட ரோம வெள்ளிக் காசுகளில் திபேரியுஸ் செசாரின் காசுகள் ஏராளம். ஆண்டவர் காட்டச் சொன்ன வரிக்காசு அவ்வகையினதே என்பது அறிஞர் பலர் கருத்து. கிடைத்தவர்கள் மறைத்து உருக்கியிருந்தால், நற்செய்திக் காலத்துக் காசு தமிழ் மண்ணுக்கும் வந்தது என்பதை நாம் எங்ஙனம் அறிவோம்?

இனி உறவைப் பற்றி. நற்செய்தி கண்டிக்கும் செல்வச் சேமிப்பு எது? நெஞ்சைக் கட்டிப்போடுவது, கடனிருக்க மறைத்து வைப்பது, பசித்தவன் வாயிலில் நிற்கப் பூட்டி வைப்பது. ஒரு பிடி பழங்காசு அக்கேட்டுக்கு ஆளாகலாம், ஆகாமலும் இருக்கலாம். வீட்டில் மருத்துவச் செலவோ பிள்ளையின் கல்விச் செலவோ நெருக்குமாயின் விற்பது பாவமன்று. அப்போதும் உருக்குவதற்கு முன், நாணயம் அறிந்த இருவரிடமேனும் காட்டி, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதே முறை. அத்தகைய தேவை இல்லையெனில், உருக்கிப் பெறும் சிறு தொகைக்காகப் பாட்டனாரின் உழைப்புக்கு எஞ்சிய சான்றை அழிப்பானேன்? மூத்தவர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: பொதுச் சொத்து ஒருவர் கையில் முடங்கலாகாது. இளையவர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு: உருகிய வெள்ளிக்குப் பாட்டனார் யார் என்று தெரியாது.

ஆகவே நாம் கூறும் வழி இது. இரு குடும்பமும் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒன்றாக அமர்க. காசு ஒவ்வொன்றின் ஆண்டு, எடை, நிலை, யார் எங்கிருந்து கொண்டுவந்தார் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, படமும் எடுத்து இருவரும் கையொப்பமிடுக. பின்னர் பெட்டியை ஆண்டுக்கொருவராக மாறி மாறிப் பேணலாம். அன்றேல் பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் குறிப்புச் சீட்டுடன் கொடுக்கலாம். தேய்க்கப்பட்ட நான்கும் அப்பங்கீட்டில் சேரட்டும். எவர் பங்கில் வந்தாலும் முகம் சுளியாது ஏற்கட்டும். பலிபீடத்தில் காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் நம் ஆண்டவர். காசு காத்திருக்கும், நூறாண்டு காத்திருந்த வெள்ளிக்கு இன்னும் ஒரு திங்கள் பெரிதன்று. பேசாமல் விட்ட ஒரு சொல்லை அவ்வாறு காக்க வைத்தலாகாது. குறிப்பேட்டைத் திறப்பதற்கு முன்னரே தம்பி வீட்டுக்கு அண்ணன் செல்லட்டும், அல்லது அண்ணன் வீட்டுக்குத் தம்பி செல்லட்டும். யார் முதலில் செல்கிறாரோ அவரையே அன்னையின் ஆன்மா வாழ்த்தும் என்பது நம் நம்பிக்கை.